ஏழாம் கட்டிலின் ஈர விரிப்பு

வார்டில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சரவெடி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. பணி ஓய்வு பெற்ற அன்று எனக்கு மாலை போட்டுப் பேச வந்த ஒரு பெண், 'எங்கள் சரவெடி சிஸ்டர்' என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூட்டமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன். சிவகாசிப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தப் பெயரில் என்ன அவமானம்?

ஆனால் அந்த வாயை வைத்துக்கொண்டு ஒருமுறை ஒரு மனிதரின் மிச்ச ஆயுளைக் கெடுக்கப் பார்த்தேன். டயாலிசிஸ் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களிடம் அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது. மெஷின் ஓட்டுவது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதைப் பற்றி நான் வாயே திறக்கப்போவதில்லை.

முதலில் தண்ணீர்த் திருடர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். காலில் இறங்கும், நெஞ்சில் ஏறி மூச்சை முட்டும். அதனால்தான் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கிறோம். நம் ஊர் வெயிலில் அந்த அளவை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எப்படி இருப்பார்? திருடத்தான் செய்வார். டிபன் பாக்ஸில் இட்லிக்கு அடியில் ஐஸ் கட்டியை ஒளித்து வைத்த ஆளைப் பிடித்திருக்கிறேன். வாய் கொப்பளிக்கிறேன் என்று குழாயடியில் அரைமணி நேரம் நின்ற அம்மாவைப் பிடித்திருக்கிறேன். நுங்கு தின்று மாட்டிக்கொண்ட ஒருவர் என்னிடமே வழக்குப் பேசினார்: "காயைக் கடிச்சுத்தான சிஸ்டர் தின்னேன், குடிக்கவா செஞ்சேன்?"

இப்படிப் பிடித்துப் பிடித்து, என் கண்ணுக்குத் தப்பி ஒரு சொட்டு உள்ளே போகாது என்ற திமிர் எனக்கு வந்திருந்தது. அந்த நேரத்தில்தான் மாடசாமி அண்ணாச்சி வந்து சேர்ந்தார்.

அவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம். பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்துக் கலவை போடுகிற கை. அறுபதை நெருங்கும் வயது. மூச்சு முட்டி, முகமெல்லாம் உப்பி, ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஆட்டோவில் வந்து இறங்கினார். ரத்தத்தைப் பார்த்தால் சிறுநீரகம் நின்றுபோன ஆளின் கணக்கு. கழுத்தில் குழாய் போட்டு அவசரமாக மெஷினில் ஏற்றினோம். புதன்கிழமை இன்னொரு தடவை ஏற்றியதும் மூச்சு சீரானது.

ரொம்ப வருஷமாகச் சர்க்கரை உள்ளவர். மஞ்சள் பையில் கொண்டுவந்த பழைய காகிதங்களுக்குள் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டும் இருந்தது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறது என்று அதில் எழுதியிருந்தது. இப்போது முழுசாகக் கெட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினோம். வெள்ளிக்கிழமை அவரை மதுரைக்கு அனுப்பி, கையில் ரத்தக்குழாய்களை இணைக்கிற ஆபரேஷன் செய்வதாக ஏற்பாடு. நிரந்தரமாக மெஷினில் ஏறப்போகிறவருக்குச் செய்கிற ஆபரேஷன் அது. அதற்கப்புறம் வாரத்துக்கு மூன்று நாள், ஏழாயிரம்பண்ணையிலிருந்து பஸ் பிடித்து எங்களிடம் வந்து நாலு மணி நேரம் படுத்துவிட்டுப் போகவேண்டும். உயிர் உள்ளவரைக்கும் அப்படித்தான்.

அண்ணாச்சி வாய் திறந்து பேசாத மனிதர். அடிக்கடி எழுந்து கழிப்பறைக்குப் போவார், வருவார். 'சிறுநீர் போகிறதா?' என்று கேட்டால் தலையை ஆட்டுவார். நாங்கள் நோட்டில் 'போகிறது' என்று ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்வோம். அதில் பாதி டிக் என் கையால் அடித்தது.

அவர் சம்சாரம் செல்லத்தாய். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற அம்மா, ஒல்லியான உடம்பு. செவ்வாய்க்கிழமை காலையில் நான் டூட்டிக்கு வந்தபோது ஏழாம் கட்டிலின் விரிப்பு துவைக்கப்பட்டு ஜன்னல் கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, ஆஸ்பத்திரி பெட்ஷீட்டை நீ எதுக்குத் துவைக்கிற? அதுக்கு இங்கன ஆள் இருக்குல்ல?"

"தண்ணி கொட்டிருச்சு நர்சம்மா."

சரி, கொட்டிவிட்டது. புதன்கிழமை காலையிலும் அதே கம்பியில் அதே விரிப்பு காய்ந்தது. அன்றும் தண்ணீர்தான் கொட்டியதாம். எனக்குத் திரி பற்றிக்கொண்டது. படுத்த படுக்கையில் தண்ணீர் கொட்டுகிறதென்றால் யாரோ செம்பை வாயில் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? வார்டு நடுவில் நின்றுகொண்டு ஆரம்பித்தேன்.

"நெசத்தைச் சொல்லு. திருட்டுத்தனமாத் தண்ணி குடுக்கிறியா இல்லையா? உன் புருஷனை நீயே கொல்லப் பாக்கிறியே, உனக்கு நல்லாருக்கா?"

அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, "ஆமா நர்சம்மா. நான்தான் குடுத்தேன். தாகத்துல தவிச்சாக, மனசு கேக்கல" என்றார்.

பார்த்தீர்களா, ஒத்துக்கொண்டாரே! எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கி என் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வியாழக்கிழமையும் விரிப்பு காய்ந்தது. அன்றைக்கு நான் பேசிய பேச்சு அடுத்த கட்டிடம் வரைக்கும் கேட்டிருக்கும். "ஏழாம் கட்டில் அம்மா மாதிரி யாரும் செஞ்சிராதீக" என்று ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொன்னேன். ஒருவேளை மறந்துவிடுவார்களோ என்று திரும்பி வரும்போதும் ஒருமுறை சொன்னேன். அந்த அம்மா சுவரைப் பார்த்து நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி போர்வையை முகம் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மதுரைக்கு வேன். ஒன்பதரைக்கு அவரை எடை பார்க்க நிறுத்தினேன். "மூணு கிலோவாவது ஏறியிருக்கும், வந்து பாருங்க" என்று கூட இருந்த பெண்களைச் சாட்சிக்கு வேறு கூப்பிட்டு வைத்திருந்தேன். அந்தம்மா திருட்டுத்தனமாகக் கொடுத்த தண்ணீரெல்லாம் தராசில் வந்துதானே ஆகவேண்டும்?

முள் அரைக்கிலோகூட நகரவில்லை.

தராசுதான் பழுது என்று நினைத்தேன். நானே ஏறி நின்று பார்த்தேன். எனக்குப் பிடிக்காத எண்ணைத்தான் காட்டியது, ஆனால் சரியான எண். தராசில் கோளாறு இல்லை. அப்படியென்றால் குடித்த தண்ணீர் எங்கே? இரண்டு பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரிப்பதைப் பார்க்காத மாதிரி இறங்கினேன்.

பக்கத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தாள் பாக்கியம். எங்கள் பிரிவின் துப்புரவுப் பணியாளர், என் வயதுக்காரி, எனக்குப் பயப்படாத ஒரே ஆள். துடைப்பக் கம்பில் சாய்ந்து நின்றுகொண்டு கேட்டாள்: "ஏக்கா, உங்களுக்கு மூக்கு அடைச்சிருக்கா? அது குடிக்கிற தண்ணியா? நாலு நாளா அந்த மெத்தையத் தொடைக்கிறவ நான். அது மூத்திரம்க்கா."

"அடிப்பாவி, இதை ஏன் நீ முன்னாடியே சொல்லல?"

"நீங்க எங்க சொல்ல விட்டீக? நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள என் டூட்டி முடிஞ்சு போகுது."

கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கிற குழாயடிக்கு ஓடினேன். செல்லத்தாய் அன்றைய விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நடுங்கிப்போய், "இன்னைக்குக் கொஞ்சந்தான் குடுத்தேன் நர்சம்மா" என்றார். நான் கேட்பதற்கு முன்னாலேயே ஒப்புதல் வாக்குமூலம்! விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, இருவருமாக அதைப் பிழிந்தோம்.

"நீ தண்ணியே குடுக்கலன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. எம்புட்டு நாளா இப்படி?"

பிழிந்த விரிப்பை உதறினார். "ஒரு வருசமா. தூக்கத்துல அவுகளுக்கே தெரியாமப் போயிருது. பகல்ல உக்காந்து முக்குவாக, சொட்டுச் சொட்டாத்தான் வரும்."

"இதை எங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன வெக்கம்? நாங்க பாக்காததா?"

"உங்களுக்குத் தெரியாது நர்சம்மா. அவுக மருந்துக் கலவை போடுறவுக. அங்கன ஈரம்தான் எமன். பொடியில ஈரம் பட்டா சூடேறி ரூமோட போயிரும். ஈர வேட்டியோட வந்த நாலு பேரை அவுகளே வாசல்ல நிப்பாட்டித் திருப்பி விட்டுருக்காக. இப்ப அவுக வேட்டியே நனையுதுன்னா? வேலைக்குப் போற நாள்ல பச்சத் தண்ணி பல்லுல படாது. மாத்து வேட்டி மூணு குடுத்து விடுவேன். இங்கன நீங்க பெரிய நோட்டுல எழுதிட்டா கம்பெனிக்குத் தெரிஞ்சிரும்னு என்னையச் சத்தியம் பண்ண வச்சிருக்காக."

ஈரம் உயிரை எடுக்கும் என்று முப்பது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். அவரால் தன் உடம்பின் ஈரத்தை எப்படி வெளியே சொல்லமுடியும்?

அதற்குமேல் எனக்கு நின்று யோசிக்க எதுவும் இருக்கவில்லை. பகலில் முக்கினாலும் சொட்டுத்தான். தூக்கத்தில் தன்னால் வழிகிறது. வாய் அடைபட்ட பானை நிறைந்து ஓரத்தில் கசிகிற கதை. சிறுநீர் உண்டாகாத ஆள் இல்லை இவர், உண்டான சிறுநீர் வெளியே போகமுடியாத ஆள். சிறுநீர்ப்பை நிறைந்து, மேலே சிறுநீரகத்தை நெருக்கி, அதை வேலை செய்யவிடாமல் நிறுத்தியிருந்தால்? அப்படியிருந்தால் அடைப்பை எடுத்தாலே சிறுநீரகம் கண் விழிக்கலாம். கையில் ஆபரேஷனே வேண்டாம். ஆயுளுக்கும் மெஷினும் வேண்டாம்.

வாசலுக்கு ஓடினேன். என் வயதில் என் எடையில் நான் ஓடியதைப் பார்த்து வாட்ச்மேன் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று விசிலை எடுத்துவிட்டார். வேனில் அண்ணாச்சியை ஏற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். டிரைவர் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வண்டியை அமத்துங்க. இறங்கி நில்லுங்க."

"சிஸ்டர், மணி பத்தாச்சு. பன்னெண்டரைக்குள்ள போகலைன்னா டாக்டர் என்னைய..."

"இறங்கும்வே!"

இறங்கிவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அண்ணாச்சி, செல்லத்தாய் எல்லாம் சொல்லிருச்சு. சத்தியத்தை மீறுச்சுன்னு அதைக் கோவிச்சுக்கிராதீக. வயித்தைத் தொட்டுப் பாக்கணும்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வேட்டி முடிச்சை அவரே தளர்த்தினார். தொப்புளுக்குக் கீழே கையை வைத்தேன். பப்பாளிக் காயைத் தொட்டது போல உருண்டையாக, கெட்டியாக இருந்தது. நாலு நாளாக நாங்கள் எல்லோரும் உடம்பில் சேர்ந்த நீர் என்று நினைத்த வயிறு அது. யாரும் கை வைத்துப் பார்க்கவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டு, கையில் தட்டுப்பட்டதைச் சொன்னேன். வெளி நோயாளிகள் கூட்டத்தில் இருந்தார், எரிச்சல் வராமல் இருக்குமா?

"மதுரையில இந்த நேரத்தை வாங்க எவ்வளவு கெஞ்சினேன்னு உங்களுக்குத் தெரியும் சிஸ்டர். இன்னைக்கு விட்டா மூணு வாரம் ஆகும். கழுத்துக் குழாயோட மூணு வாரம் வச்சிருந்தா இன்ஃபெக்‌ஷன் வரும். ஸ்கேன்லதான் அடைப்பு ஒண்ணும் இல்லையே?"

"அந்த ஸ்கேன் என்னைக்கு எடுத்ததுன்னு பாத்தீங்களா சார்?"

போனில் காகிதம் புரள்கிற சத்தம் கேட்டது. அது போன தீபாவளிக்கும் முந்திய தீபாவளி சீசனில் எடுத்தது, வேட்டி நனைய ஆரம்பிப்பதற்கும் முன்னால். கையில் ரிப்போர்ட் இருக்கிறது என்ற தைரியத்தில் தேதியை நாங்கள் யாருமே பார்க்கவில்லை.

"உங்க கை தப்பா இருந்தா?" என்று கேட்டார்.

"தப்பா இருந்தா நானே கூட்டிட்டுப் போயி, மதுரை டாக்டர் கால்ல விழுந்து நேரம் வாங்குறேன் சார். நீங்க ஒரு தடவை வந்து தொட்டுப் பாருங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் நிச்சயம் இல்லை. என் கணிப்பு பொய்த்தால் அந்த மனிதருக்கு மூன்று வாரம் நஷ்டம், அதுவும் கழுத்துக் குழாயோடு. ஆனால் வேன் போய்விட்டால் ஒரு ஆயுள் நஷ்டம். இரண்டில் எதைத் திருத்தமுடியும் என்றுதான் பார்த்தேன்.

டாக்டர் வந்தார். வயிற்றில் கை வைத்தார். முகம் மாறியது. உடனே ஸ்கேன் அறைக்குத் தள்ளச் சொன்னார். அங்கே திரையில் உப்பித் தெரிந்த சிறுநீர்ப்பையை எங்கள் யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை. அரைமணி நேரத்தில் அவரே சிறுநீர் இறங்குவதற்குக் குழாய் போட்டார். குழாயில் மாட்டிய முதல் பை நிறைந்தது, மாற்றினோம். இரண்டாவது பையும் நிறைந்தது. மூன்றாவதை எடுத்து வந்த பாக்கியம், "ஆத்தாடி, இம்புட்டையும் எங்க வச்சிருந்தீக அண்ணாச்சி?" என்று கேட்டேவிட்டாள்.

அண்ணாச்சி முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார். "இடுப்புல கல்லைக் கட்டிக்கிட்டுத் திரிஞ்ச மாதிரி இருந்துச்சு நர்சம்மா. எறக்கி வச்சிட்டீக." அடுத்த நிமிஷம் குறட்டை.

உஷாராக இருக்கவேண்டிய நேரம் அதற்கப்புறம்தான். அடைப்பு எடுபட்ட சிறுநீரகம் பல நாள் கோபத்தையும் சேர்த்துக் கொட்டும். இரண்டு நாள் அவருக்கு அப்படித்தான் ஊற்றியது. உடம்பு வறண்டு, ரத்த அழுத்தம் விழுந்துவிடாமல் மணிக்கு மணி அளந்து, போனதற்கு ஏற்ப நீர் ஏற்றவேண்டியிருந்தது. டிரிப் போதவில்லை, வாய் வழியாகவும் கொடுக்கச் சொன்னார் டாக்டர். நான் மேஜைக்கு அடியிலிருந்த அந்த பாட்டிலை எடுத்து நிரப்பி, "செல்லத்தாய், தண்ணி குடு" என்றேன். அந்த அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"வேண்டாம் நர்சம்மா. என்னையச் சோதிக்கிறீக."

"சோதிக்கலம்மா, நெசமாத்தான். டாக்டர் சொல்றாரு."

"டாக்டரய்யா வந்து சொல்லட்டும்."

டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் டம்ளரைக் கையில் வாங்கினார். அப்போதும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊற்றினார். வார்டே விழுந்து விழுந்து சிரித்தது. நுங்குக்காரர் மட்டும் ஏக்கத்தோடு அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலத்துக்குள் மூன்று ஆண்கள் தனித்தனியாக என் மேஜைக்கு வந்து, இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "சிஸ்டர், எனக்கும் வயித்தைக் கொஞ்சம் பாத்துருங்க" என்றார்கள்.

திங்கட்கிழமை ரத்தம் எடுத்தோம். தேங்கியிருந்த கழிவின் கணக்கு இறங்கியிருந்தது. அந்த வாரம் முழுக்க இறங்கிக்கொண்டே வந்தது. மெஷினில் மறுபடி ஏற்றவேண்டிய அவசியமே வரவில்லை. டாக்டர் கழுத்துக் குழாயை உருவியபோது அறையில் தேவையில்லாத ஆட்கள் ஏழு பேர் நின்றோம்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றில் கை வைத்தால் ஒன்றும் இருக்காது. அவர்களுக்கு மெஷின்தான் உயிர். மாடசாமி அண்ணாச்சிக்கும் முழுசாகத் திரும்பவில்லை. சர்க்கரை கெடுத்தது கெடுத்ததுதான், மாத்திரையும் பத்தியமும் உண்டு, அடைப்புக்கு ஒரு ஆபரேஷனும் பின்னால் ஆனது. கலவை வேலையை விட்டுவிட்டார். போர்மேனிடம் தானே போய்க் காரணத்தைச் சொன்னாராம். எண்ணிக்கை பார்க்கிற வேலையில் போட்டார்கள். ஆனால் மெஷின் இல்லாமல் இருக்கிறார். அந்த டிக் இருக்கிறதே, 'போகிறது' என்று நாம் அடிக்கிற டிக், அதை அடிக்கிறதுக்கு முன்னால் எப்படிப் போகிறது, எவ்வளவு போகிறது, முக்கவேண்டியிருக்கிறதா, தூங்கும்போது துணி நனைகிறதா என்று கேளுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாத நேரத்தில் கேளுங்கள். முக்கியமாக, மெதுவாகக் கேளுங்கள்.

அவரை வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒரு வேலை எனக்கு மிச்சம் இருந்தது. வார்டு நடுவில் நின்று திட்டியவள், மன்னிப்பையும் அங்கேதான் கேட்கவேண்டும். கைதட்டி எல்லோரையும் கூப்பிட்டேன். மறுபடி யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று பயந்து இரண்டு பேர் டம்ளரை ஒளித்தார்கள்.

"ஏழாம் கட்டில் அம்மா ஒரு சொட்டுத் தண்ணி திருடல. நான்தான் விசாரிக்காம வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன். தப்பு என்னோடது" என்று சொல்லி அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். "ஒரு வார்த்தை இல்லைன்னு சொல்லியிருக்கலாமே செல்லத்தாய். செய்யாததை எதுக்கு ஒத்துக்கிட்டு அம்புட்டுப் பேச்சையும் வாங்குன?"

செல்லத்தாய் கூச்சத்தோடு சிரித்தார். மஞ்சள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

"நீங்க திட்டுனது எனக்கு வசதியாத்தான் இருந்துச்சு நர்சம்மா. நீங்க திட்டத் திட்ட வார்டு பூராவும் என்னையவே பாத்துச்சு. அவுகளை ஒருத்தரும் பாக்கல."